ஐப்பசியில் அடைத்த காணி

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. அவற்றுள் ஆறு மாடுகள் என் மாமாவுடையவை. திருகோணமலை மாவட்டத்தின் கொட்டியாரப் பற்றில் எங்கள் தாய்வழிச் சொத்தாக இருக்கும் ஏழு ஏக்கர் மேட்டுக்காணியில், ஒன்றையொன்று அணைத்தபடி அவை விறைத்துக் கிடந்ததை நான் மறுநாள் காலையில் பார்த்தேன். குளிர்தான் கொன்றது என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் தவறில்லை. ஆனால் விலா எலும்பு எண்ணக்கூடிய மாட்டுக்கு ஓர் இரவின் குளிரைத் தாங்க உடம்பில் என்ன இருந்திருக்கும் என்று நான் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். மழை பெய்து இரண்டு மாதமாகியும், அவை கிடந்த நிலத்தில் ஒரு கைப்பிடி புல் இருக்கவில்லை.

அந்தக் காணியை என் சிறுவயதில் நான் அறிவேன். மார்கழியில் அங்கே இறங்கினால் கினிப்புல் என் தலைக்கு மேலே நிற்கும். அதன் இடையே இஞ்சிப்புல்லும் அறுகும் படர்ந்திருக்கும். இப்போது அங்கே இருப்பவை தகரை, எருக்கு, காவிளாய், தொட்டாற்சுருங்கி ஆகியவை. மாடு வாய் வைக்காதவை அல்லது வேறெதுவும் இல்லாதபோது மட்டும் வாய் வைப்பவை. மிஞ்சிய இடமெல்லாம் செங்கபில மண், வெயிலில் செங்கல்லைப் போல இறுகி, குளம்பு பட்ட தடங்கள் வரிவரியாக ஓடக் கிடந்தது.

இந்த அழிவுக்கு ஒரு வரிசை உண்டு என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். கினிப்புல் போலக் கொத்தாக நிமிர்ந்து வளரும் புற்களின் குருத்து சற்று உயரத்தில் இருப்பதால், திரும்பத் திரும்ப ஒட்டக் கடிக்கப்படும்போது அவையே முதலில் சாகின்றன. தரையோடு படரும் அறுகு இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். கலியாண வீட்டில் 'ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி' என்று வாழ்த்துவது சும்மா அல்ல. அறுகு விதையை நம்பி வாழும் புல் அல்ல, கணுவுக்குக் கணு வேர்விட்டு வாழும் புல். ஆனால் அந்த வேருக்கும் உணவு இலையிலிருந்துதான் போகவேண்டும். கிறைடர் என்பவர் செய்து 1955இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது: புல்லின் இலையில் பாதியளவை எடுத்தால் வேரின் வளர்ச்சி பெரிதாகக் குறைவதில்லை, நூற்றுக்கு எண்பது பங்கை எடுத்துவிட்டால் வேர் 12 நாட்களுக்கு முற்றாகவே வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. பன்னிரண்டு நாள் முடிவதற்குள் மாடு மறுபடி வந்து கடித்தால் கணக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். எங்கள் காணியில் மாடு தினமும் வந்தது.

விதைப்பதற்கு முன்னர், விதைக்கத்தான் வேண்டுமா என்று பார்ப்பது நல்லது என நினைத்தேன். புல்லின் வேர் இன்னும் மண்ணுக்குள் உயிரோடு இருந்தால், எங்கள் மாவட்டத்தில் பெய்யும் மழைக்கு, மாட்டை வெளியே நிறுத்திவைத்தாலே நிலம் தானாகத் தேறிவிடும். அதை அறிய, காணியின் ஐந்து இடங்களில் மேல் மண்ணை இரண்டு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, பழைய தட்டங்களில் பரப்பி, மாமியின் கிணற்றடியில் வைத்து மூன்று வாரம் தண்ணீர் தெளித்தேன். வந்தவை கோரை, தகரை, ஒரு பருவத்தில் முளைத்துக் காயும் சில சிறு புற்கள், அவ்வளவுதான். கினிப்புல் ஒன்றுகூட இல்லை. காணியின் கீழ்ப்புறத்தில், வாய்க்காலை ஒட்டிய ஓரத்தில் மட்டும் அறுகின் வேர் இருந்தது. அந்த ஓரத்துக்கு ஓய்வு போதும், மற்ற இடத்துக்கு விதை வேண்டும் என்று முடிவு செய்தேன். செலவில்லாத இந்தச் சோதனையை எவரும் செய்யலாம். செய்யாமல் விதைக்குச் செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

2023 தை, மாசி மாதங்களில் வீதியோரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் கினிப்புல் விதை சேர்த்தேன். கினிப்புல் கதிர் நெற்கதிரைப் போல ஒரே நாளில் முற்றுவதில்லை. நுனி முற்றி உதிரும்போது அடி இன்னும் பச்சையாக இருக்கும். ஆகவே அறுத்து எடுப்பதைவிட, கதிரை உரப்பைக்குள் வளைத்துக் குலுக்கி, உதிர்வதை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று நான்கு நாட்கள் கழித்து அதே கதிரிடம் திரும்பிப் போவதே நல்ல முறை. மாமி அதைச் சுளகில் புடைத்தபோது பாதிக்கு மேல் பதராகப் பறந்தது. மிஞ்சியதில் நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பார்த்தேன், நான்குதான் முளைத்தன. விதை கெட்டது என்று எண்ணி வீச இருந்தேன். புதிதாக உதிர்ந்த கினிப்புல் விதை சில மாதங்கள் உறங்கிக் கிடந்த பிறகுதான் நன்றாக முளைக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சாக்கைக் கூரையின் கீழ் காற்றுப்படும்படி தொங்கவிட்டிருந்ததை மாமி இறக்கவிடவில்லை. புரட்டாதியில் அதே விதையில் மறுபடி நூறு எண்ணிப் போட்டபோது முப்பத்தெட்டு முளைத்தன.

அந்த ஆண்டு விதைத்தது முழுவதும் வீணானது. புரட்டாதிக் கடைசியில், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று இன்னும் அடங்காத நாளில், காய்ந்த நிலத்தின் மேலே கையால் வீசி விதைத்தேன். பாதியைக் காற்று கொண்டுபோனது. மீதியில் பெரும்பங்கை எறும்பும் புறாவும் கொண்டுபோயின. ஆனாலும் ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும், குளம்புத் தடங்களின் பள்ளங்களில் மெல்லிய பச்சை ஊசிகள் போல முளைகள் வந்தன. அவற்றைப் பார்த்த சந்தோசத்தில் அன்று நகரத்துக்குத் திரும்பி வந்தேன். அடுத்த வாரம் போனபோது ஒன்றும் இல்லை. வயல்களில் உழவு தொடங்கியிருந்தது. ஊரிலிருந்த பட்டிகளெல்லாம் வயல்வெளியை விட்டு மேட்டுக்கு ஏறியிருந்தன. நாற்பது மாடுகள் என் முளைகளின் மேலே நின்றுகொண்டிருந்தன.

இங்கேதான் எங்கள் மாவட்டத்தின் புல்லுக்கு இருக்கும் உண்மையான சிக்கலைக் கண்டேன். திருகோணமலையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் தை வரையான காலத்தில் விழுகிறது. புல் முளைக்கவும், வேர் பிடிக்கவும், பூத்து விதை உதிர்க்கவும் அதற்குக் கிடைத்திருக்கும் காலம் அதுவே. பெரும்போக நெல் விதைக்கும் காலமும் அதுவே. அறுவடை முடிந்த வயலில் ஒட்டு, அதாவது அறுத்த தாளின் அடி, மேய்ந்து திரிந்த மாடுகள், நெல் விதைத்தவுடன் வெளியேற்றப்படுகின்றன. மேய்ச்சல் தரை எந்த மாதத்தில் குளம்புக்கு ஒதுங்கியிருக்க வேண்டுமோ அந்த மாதத்திலேயே, ஆண்டின் மிகப் பெரிய கூட்டம் அதன் மேலே ஏறுகிறது. எத்தனை மூடை விதையைக் கொண்டுவந்து கொட்டினாலும் இந்தக் கணக்கு மாறாதவரை புல் வராது.

போகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்களில் மாடுகளை வயல்வெளியிலிருந்து எந்தத் திகதிக்குள் அகற்ற வேண்டும் என்று முடிவெடுப்பார்கள். நான் போயிருந்த கூட்டங்களில், அகற்றிய மாடு எங்கே போவது என்ற கேள்விக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. பட்டிக்காரர் ஒருவர் எழுந்து மேய்ச்சல் தரையைப் பற்றிக் கேட்டால், அது வேறு விடயம், வேறு இடத்தில் பேச வேண்டியது என்று சொல்லி அமர்த்திவிடுகிறார்கள். எங்களுக்கு அருகில் பட்டித்திடல் என்றே ஓர் ஊர் இருக்கிறது. மாட்டுப்பட்டி நிற்பதற்கென்று ஒரு திடலை விட்டு, அதைப் பெயராகவும் வைத்த முன்னோர்களுக்கு வயலும் பட்டியும் ஒரே விடயமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நான் மாமாவிடம் போய், வரும் ஐப்பசியில் மூன்று ஏக்கரை அடைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் உடனே மறுக்கவில்லை. "அடைக்கலாம் மருமகன். அடைச்ச நாளிலயிருந்து மாட்டுக்கு என்ன குடுக்கிறது எண்டு நீங்கதான் சொல்லவேணும்" என்றார். புல் விதைக்கும் திட்டம் எதுவானாலும் அதை முதலில் இந்தக் கேள்வியின் முன்னே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நான் இப்போது நம்புகிறேன். வேலி போடுவது எளிது. வேலிக்கு வெளியே நிற்கும் பசித்த மாட்டுக்கு விடை சொல்லாமல் போட்ட வேலி ஒரு மாதம்கூட நிற்காது. அதைப் பிரிப்பவரைக் குறை சொல்லவும் நமக்கு உரிமை இல்லை.

விடை எங்கள் கண் முன்னே ஒவ்வொரு பங்குனியிலும் எரிந்துகொண்டிருந்தது. அறுவடை இயந்திரம் போன வயலில் வைக்கோல் வரிவரியாகக் கிடக்க, அடுத்த போகத்துக்கு இடைஞ்சல் என்று அதற்கு நெருப்பு வைப்பார்கள். நாங்கள் கணக்குப் போட்டோம். மூன்று ஏக்கரைத்தான் அடைக்கிறோம், மற்ற இடங்களில் மாடு கொஞ்சம் மேயும். ஆகவே மாடு ஒன்றுக்கு நாளைக்கு இரண்டரைக் கிலோ வைக்கோல் என்று வைத்தால், நாற்பது மாட்டுக்குத் தொண்ணூறு நாளைக்கு ஒன்பதாயிரம் கிலோ. நல்ல விளைச்சல் உள்ள ஐந்து ஏக்கர் வயலின் வைக்கோல் அது. 2024 பங்குனியில் மாமாவின் வயலிலிருந்தும், எரிக்க இருந்த இரண்டு அயலவரின் வயல்களிலிருந்தும் வாரிச் சேர்த்து, மேட்டில் கட்டைகளை அடுக்கி அதன் மேல் போர் வைத்தோம். வைக்கோல் சும்மா கிடைத்தது. வாருகூலியும் உழவு இயந்திரப் பெட்டிக்குக் கொடுத்த வாடகையும்தான் செலவு.

வெறும் வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பைத் தேற்றாது. அதற்கு யூரியா ஊட்டும் முறை பழையது, நம்பகமானது: நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நூறு லீற்றர் தண்ணீரில் முற்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பொலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடிப் பத்து நாட்கள் வைக்க வேண்டும். திறந்ததும் எழும் காரமான மணம் போகச் சற்றுநேரம் உலரவிட்டுக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. கரைத்த நீர் தேங்கிய வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்தால் அது உயிருக்கே கேடு. 2022க்குப் பிறகு யூரியா மலிவாகக் கிடைக்கும் பொருள் அல்ல என்பதால், கறவை மாடுகளுக்கும் சினை மாடுகளுக்கும் மட்டும் ஊட்டிய வைக்கோலை வைத்துக்கொண்டோம்.

அடுத்தது நிலம். இறுகிய மண்ணில் விதை விழுந்தால் அது மண்ணைத் தொடுவதே இல்லை. முதல் கனமழையில் மேற்பட்டை கட்டி, நீரும் விதையும் சேர்ந்து கீழ்ப்புறத்துக்கு ஓடிவிடும். உழவு இயந்திரத்தால் முழுவதையும் கிளறிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சரிவான காணியில் அதைச் செய்தால் மிஞ்சியிருக்கும் மேல் மண்ணும் மாரியோடு ஆற்றுக்குப் போய்விடும் என்று நான் இணங்கவில்லை. அதற்குப் பதிலாக ஆவணி, புரட்டாதி மாதங்களில் மாமா பட்டியையே மாற்றி மாற்றி அடைத்தார். மிக வெறுமையான இடங்களைத் தேர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து இரவு மாடுகளை அடைத்து வைத்தோம். நிலத்தைக் கெடுத்த அதே குளம்பு, ஓர் இடத்தில் சில இரவு மட்டும் நின்று விலகும்போது மண்ணின் மேற்பட்டையை உடைத்து, சாணத்தையும் மூத்திரத்தையும் உள்ளே மிதித்துவிடுகிறது. எத்தனை நாள் நிற்கிறது, எப்போது விலகுகிறது என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. அதன் பிறகு சரிவுக்குக் குறுக்காக, மூன்று அடிக்கு ஒன்றாக, மண்வெட்டியால் இரண்டு விரல் ஆழத்தில் கீறல்கள் இழுத்தோம்.

இந்த முறை முதல் மழைக்கு விதைக்கவில்லை. ஐப்பசியின் முதல் இடிமழை விழுந்த பின்னர் பத்து நாள் வெயில் எறிப்பது இங்கே வழக்கம். அந்த மழையை நம்பி முளைத்தது அந்த வெயிலிலேயே கருகும். இரண்டாவது மழை நிலத்தை ஒரு சாண் ஆழத்துக்கு நனைத்ததை மண்வெட்டியால் தோண்டிப் பார்த்த பிறகே விதைத்தோம். விதையோடு நான்கு பங்கு மணலும், பொடித்த காய்ந்த சாணமும் கலந்தால் கை ஒரே சீராக வீசும். கினிப்புல் விதை மிகச் சிறியது. அரை அங்குலத்துக்கு மேல் மூடினால் வெளியே வரும் பலம் அதற்கு இல்லை. ஆகவே மண்ணை இழுத்து மூடாமல், கீறலின் மேலே காலால் மிதித்துக்கொண்டே போனோம். அதன் மேலே பழைய வைக்கோலை மெல்லியதாகத் தூவி, சூரையும் காரையும் வெட்டிய முட்கிளைகளை, அதாவது அலம்பலைப் பரப்பினோம். அலம்பல் மழைத்துளியின் அடியைத் தாங்கியது, புறாவை இறங்கவிடவில்லை, வேலியைத் தாண்டி வந்த ஓரிரு மாட்டையும் திருப்பி அனுப்பியது. விதைப்பிலே நான் செய்த வேலைகளுள் மிகவும் பயன் தந்தது எது என்று கேட்டால் அலம்பல் பரப்பியதைத்தான் சொல்வேன்.

கீழ்ப்புற அரை ஏக்கரில் விதைக்குப் பதிலாகக் கினிப்புல் அடிக்கட்டைகளைப் பிரித்து நட்டோம். மூன்று அடிக்கு இரண்டு அடி என்று வைத்தால் ஏக்கருக்கு ஏழாயிரத்துக்கு மேல் வேண்டும். கூலி அதிகம், ஆனால் பிழைப்பது விதையைவிட உறுதி. கையில் ஆள் இருந்தால் கட்டை, இல்லாவிட்டால் விதை என்பதே என் எண்ணம்.

கோ-3 புல்லை நட்டால் போதுமே, எதற்கு இந்தப் பாடு என்று பலர் கேட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த அந்தப் புல் வெட்டிக் கொடுப்பதற்கு மிக நல்லது. மாமாவின் கிணற்றடியிலும் கால் ஏக்கர் இருக்கிறது. ஆனால் அது தண்ணீரும் உரமும் கேட்கும் தோட்டப் பயிர்; விதையால் பெருகாது; கடித்து மிதிக்கப்படும் தரையில் நிலைக்காது. மேய்ச்சல் தரைக்கு அதை மாற்றாகச் சொல்வது, நெல் சூடடிக்கும் களவெட்டிக்குப் பதிலாக உரலைக் காட்டுவது போன்றது.

புல்லோடு அவரை இனச் செடியும் வேண்டும், அதுவே காற்றிலிருந்து தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவரும். தமிழ்நாட்டில் முயல் மசால் என்று அழைக்கும் ஸ்டைலோ விதை இரண்டு கிலோ கிடைத்தது. அதன் தோல் கடினமானது. கொதித்து இறக்கிய தண்ணீரில் சில நிமிடம் இட்டு, பின்னர் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால்தான் நீர் உள்ளே போகும். ஒரு பங்கை அப்படி விதைத்தோம். மறு பங்கை எதுவும் செய்யாமல் தவிட்டில் கலந்து நான்கு பசுக்களுக்குக் கொடுத்து, அவற்றை அடைத்த காணியின் வெறுமையான மூலையில் இரண்டு இரவு கட்டினோம். மாட்டின் வயிற்றைக் கடந்து வந்த கடின விதை, சாணத்துக்குள்ளேயே ஈரத்தோடும் உரத்தோடும் முளைத்தது. மார்கழியில் அந்த மூலையில் சாணம் கிடந்த வட்டங்களில் மட்டும் ஸ்டைலோ நின்றதைக் கண்டு மாமா வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

2024 நவம்பர் இறுதியில், பின்னர் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் எங்கள் கரையை ஒட்டிப் போனபோது மூன்று நாட்கள் விடாமல் பெய்தது. அந்த மூன்று இரவும் நான் நகரத்தில் தூங்கவில்லை. போய்ப் பார்த்தபோது, கீறல்களின் மேல்விளிம்பில் நின்ற முளைகளில் ஒரு பகுதி போயிருந்தது. அலம்பல் போடாமல் விட்ட ஒரு துண்டில் ஒன்றுமே மிஞ்சவில்லை. மற்றவை நின்றன.

எப்போது திறப்பது என்பதில் எங்களுக்குள் இழுபறி வந்தது. தையில் புல் இடுப்பளவு நின்றது. மாமாவுக்கு மாட்டை விடாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. அவரே ஒரு வழி சொன்னார்: புல்லைக் கையால் பற்றி, மாடு இழுப்பதுபோல இழுத்துப் பார்ப்பது. வேரோடு வந்தால் இன்னும் காலம் இருக்கிறது. இலை அறுந்து வேர் நின்றால் திறக்கலாம். இருபது இடங்களில் இழுத்தோம். ஏழு இடத்தில் வேரோடு வந்தது. ஆகவே திறக்கவில்லை. மாசியில் வயல் அறுவடை தொடங்கி மாடுகள் ஒட்டுக்கு இறங்கிவிட்டதால், அடைத்த காணிக்கு மேலும் இரண்டு மாத ஓய்வு யாருக்கும் நட்டமில்லாமல் கிடைத்தது. அதற்குள் கினிப்புல் தன் விதையைத் தானே உதிர்த்தது. நாங்களும் குலுக்கி எடுத்தோம்.

சித்திரையில் படலையைத் திறந்து பத்து மாடுகளை மட்டும், காலையில் மூன்று மணி நேரம் விட்டோம். புல் முழங்காலுக்குக் கீழே இறங்கியதும் அடைத்துவிடுவது என்று பேசிக்கொண்டோம். அதை மாமா இன்றுவரை மீறவில்லை. கச்சான் தொடங்கிய பின்னர், பழைய புல்லுக்கு நெருப்பு வைத்தால் புதுத் தளிர் வரும் என்று அயலவர் இருவர் வந்து கேட்டார்கள். வேர் முதிர்ந்த கினிப்புல் தீயைத் தாங்கும், உண்மைதான். ஒரு வயதுகூட ஆகாத இந்தப் புல்லும், அதன் அடியில் உதிர்ந்து கிடக்கும் விதையும் தாங்காது என்று மாமாவே அவர்களுக்கு விளக்கியதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

மூன்று ஏக்கரில் ஏறத்தாழ இரண்டில் புல் நிற்கிறது. மேல்மூலையில் கிறவல் கல் மிதக்கும் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அங்கே கிளிசரியா மரக்கம்புகளைக் கதியாலாக நட்டு நிழல் வந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம். இந்தப் பங்குனியில் அயலவர் மூவர் தங்கள் வைக்கோலை எரிக்காமல் எங்களுக்குத் தந்தார்கள். போர் சென்ற ஆண்டைவிடப் பெரிது. விதை இரண்டு சாக்குகளில் மாமியின் அடுப்படிக் கூரையில் தொங்குகிறது. புரட்டாதியில் இறக்கி நூறு எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு ஏக்கருக்கான எல்லையைப் போன ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் கயிறு பிடித்து அளந்து, நான்கு மூலையிலும் கட்டை அடித்துவிட்டு வந்தோம்.